கிரானில் எழுந்த நச்சுப்புகை

1990 ஜூன் 18 அன்று, மட்டக்களப்பு மாவட்டத்துக் கிழக்குக் கிரானிலிருந்த இலங்கைப் படைமுகாமின் மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவை ஏவினர். காகிதக் கூழை வெளுக்கப் பயன்படும் பொருள் அது. அண்மையிலிருந்த காகித ஆலையின் கலன்களே அன்று போர்க்கருவிகளாயின. அறுபதுக்கும் மேற்பட்ட படைவீரர் பாதிப்புற்றனர். காற்று மாறி, புகையின் ஒரு பகுதி ஏவியவர் பக்கமே திரும்பியது என்பர். அரசல்லாத ஓர் ஆயுத இயக்கம் நச்சுவாயுவைப் போரில் பயன்படுத்திய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக ஆய்வாளர் இதனை எண்ணுகின்றனர்.

மறுநாள், சென்னைக் கோடம்பாக்கம் ஸகரியா காலனியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தோர் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டபோதும் அக்கொலையின் எதிரொலி கேட்டது. அந்த இரைச்சலில் கிரான் அமிழ்ந்து போயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

உள்நாட்டுப் போரில் நச்சுவாயு எழுந்தால் அயல்நாட்டுப் படை நுழையலாமா? சிரியாவை முன்வைத்து உலகம் வாதிட்ட இவ்வினாவைக் கிரானுக்காக எவரும் பெரிதாக எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் சென்னையில் அதற்குச் செவி கிடைத்திராது. அயற்படை நுழைந்து திரும்பி மூன்று திங்களே ஆகியிருந்தன.

ஈழச்சிக்கல் இந்நகருக்குத் தொலைவுச் செய்தியாக இருந்ததில்லை. 1982 மே மாதம் தியாகராய நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் துப்பாக்கியால் மோதிக்கொண்டனர். பின்னர் அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளில் இயக்கத்தவர் தங்கிச் செயல்பட்டனர். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களை இட்டபோது தமிழகம் பெரிதும் மகிழ்ந்தது. ஜூலை 29 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்டோபரில் அதே இந்தியப் படை புலிகளுடன் பொருதியது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் மாண்டனர். ஏறத்தாழ 1,200 இந்திய வீரரும் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. காக்கச் சென்ற படை யாரைக் காத்தது என்ற கசப்பு அந்த இன்மையில் இருந்தது.

அந்த உடன்படிக்கையில் முஸ்லிம்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டபோது கிழக்கின் முஸ்லிம்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எம்.எச்.எம். அஷ்ரஃப் தலைமையில் முஸ்லிம் காங்கிரஸ் வலுப்பெற்றதற்கு இப்புறக்கணிப்பும் ஒரு காரணம்.

கிரானுக்குப் பின் ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றோர் சுடப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அடுத்த வாரமே கிரானுக்குத் தெற்கே ஏறாவூரில் அதே கொடுமை நேர்ந்தது. அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். இவற்றில் வாயு இல்லை. துப்பாக்கியும் வாளும் ஒலிபெருக்கி அறிவிப்புமே இருந்தன. எந்நாட்டு மன்றமும் படை அனுப்புவது பற்றி வாதிடவில்லை.

ஆயுதத்தின் வகையைக் கொண்டு கொடுமையை அளக்கும் இவ்வழக்கம் நமக்கு ஐயத்தைத் தருகிறது. 1925 ஜெனீவா நெறிமுறையும் 1997 இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கையும் நற்பணிகளே. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் நச்சுவாயுவால் இறந்தபோது வல்லரசுகள் சதாம் அரசுடன் உறவைத் துண்டிக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஈராக்கின் மீது படையெடுத்தபோது அதே ஹலப்ஜா அவற்றுக்கு நினைவு வந்தது. 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூத்தா துயரம் நிகழ்வதற்கு முன்பே அப்போரில் ஒரு இலட்சம் பேர் மாண்டிருந்தனர் என்று ஐ.நா. கணக்கிட்டிருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றம் 285க்கு 272 என்ற வாக்குகளில் தலையீட்டை மறுத்தது, வாயுவால் மாண்டோரை முன்வைத்து. அந்த ஒரு இலட்சம் பேருக்காக அத்தகைய வாக்கெடுப்பு நடந்ததில்லை.

காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் குண்டுத் துளைகள் பூசப்படாமல் விடப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து விரட்டப்பட்டோரில் ஒரு பகுதியினர் இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றனர். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்துவிட்டனர்.