ஆறு மாதக் கெடு பிறந்த கதை

திருப்பூரில் நிட்டிங், காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் கூலி பேசும்போது கரண்ட் பில்லைக் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறார்கள். யூனிட்டுக்கு எவ்வளவு, நிலைக்கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். இந்த மூன்று இடங்களும் காலியாகக் கிடக்கக் கூடாது என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது.

முன்பு இப்படி இல்லை. 1948 சட்டப்படி பிறந்த மாநில மின்வாரியங்கள் மின்சாரத்தை விற்றன. விலையையும் தாங்களே வைத்தன. நம் மின்வாரியம் 1957 ஜூலை 1-இல் வந்தது. விற்பவரே விலை வைப்பது முறையல்ல, அதற்குத் தனி நடுவர் வேண்டும் என்ற எண்ணம் 1990-களில் வலுத்தது. ஒடிசா 1995-இல் சட்டம் இயற்றி முதல் ஆணையத்தை அமைத்தது. 1998-இல் மத்தியச் சட்டம் வந்தது. 1999 மார்ச்சில் தமிழ்நாட்டு ஆணையம் பிறந்தது.

நடுவரை அமர்த்துவது அரசு; நடுவர் முன் கட்டணம் கேட்டு நிற்பதும் அரசின் நிறுவனம். நியமனத்தைத் தள்ளிப்போட்டால் நடுவரே பலவீனப்படுவார். 2003 மின்சாரச் சட்டத்தின் 85-வது பிரிவு இதற்குத்தான் தேதி குறித்தது. உறுப்பினரின் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்படி அரசு தேர்வுக் குழுவிடம் சொல்ல வேண்டும். இறப்பு, ராஜினாமா, நீக்கம் என்றால் ஒரு மாதத்துக்குள். முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான அந்தக் குழு, மூன்று மாதத்தில் ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் தர வேண்டும்.

இந்தக் கெடுவின் அருமை 2022-இல் தெரிந்தது. ஆணையத்தில் சட்டத் துறையைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2022-இல் கட்டண உயர்வு மனுக்கள் விசாரணைக்கு வந்தபோது சட்ட உறுப்பினர் இடம் காலி. நூற்பாலைச் சங்கமான டாஸ்மா உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. உறுப்பினரை நியமிக்கும்வரை இறுதி உத்தரவு கூடாது என்று தனி நீதிபதி தடை விதித்தார். மேல்முறையீட்டில் தடை விலகியது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் அமலானது. அடுத்த ஆண்டு நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்துக் கொங்குப் பகுதிச் சிறுதொழில்கள் கதவடைப்பு செய்தன.

கெடுவைத் தவறவிட்டால் என்ன தண்டனை என்று 85-வது பிரிவு சொல்லவில்லை. ஓர் இடம் காலி என்பதற்காக மட்டும் ஆணையத்தின் செயல் செல்லாததாகாது என்கிறது 93-வது பிரிவு. ஆகவே கெடுவைக் காக்கும் வேலை கட்டணம் கட்டுகிறவர்களிடம் வந்து நிற்கிறது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, வயது வரம்பு 65. ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கும் அன்றே அவர் விலகும் நாளும் தெரிந்துவிடுகிறது. அதற்கு ஆறு மாதம் முன்னதாக நம் தொழில் சங்கங்கள் அரசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கட்டணம் ஏறிய பிறகு போராடுவதைவிட, கட்டணத்தை முடிவு செய்யும் இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்பது நம் உரிமை, கடமையும் அதுதான்.