கனடாவில் சிறார் பனி ஹொக்கி அமைப்பு

கனடாவில் சிறார் ஹொக்கி (மைனர் ஹொக்கி) என்பது ஜூனியர் நிலைக்குக் கீழ் சிறுவர், சிறுமியர், பதின்ம வயதினர் ஆகியோர் ஆடும் பனி வளைதடியாட்டத்தையும், அதனை நடத்தும் சங்கங்கள், லீக்குகள், கூட்டமைப்புகள் ஆகியவற்றையும் குறிக்கும். இவ்வமைப்பு பெரும்பாலும் பாடசாலைகளைச் சார்ந்து இயங்குவதில்லை. ஊர்தோறும் பெற்றோரும் தன்னார்வலர்களும் நடத்தும் சங்கங்களே இதன் அடித்தளம் ஆகும். ஆட்டக்காலம் பொதுவாகச் செப்டம்பரில் தொடங்கி மார்ச் அல்லது ஏப்ரலில் முடிவடைகிறது.

நிர்வாக அடுக்குகள்

நாடளாவிய ஆளுமை அமைப்பு ஹொக்கி கனடா ஆகும். இதன் மூலம் 1914 ஆம் ஆண்டில் ஒட்டாவாவில் நிறுவப்பட்ட கனடிய அமெச்சூர் ஹொக்கி சங்கம் ஆகும். 1994 இல் இச்சங்கம் தேசிய அணியைக் கவனித்து வந்த ஹொக்கி கனடாவுடன் இணைந்தது. தலைமையகம் கல்கரி நகரில் உள்ளது. ஆட்ட விதிகள், வயதுப் பிரிவுகள், காப்புறுதி, பயிற்றுநர் சான்றிதழ் முதலியவற்றை இது வகுக்கிறது.

இதன் கீழ் 13 உறுப்பு அமைப்புகள் உள்ளன. கனடாவின் மாகாணங்களும் ஆட்புலங்களும் சேர்ந்தால் அதே 13 தான் வரும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்ராறியோ மாகாணம் மட்டும் மூன்று அமைப்புகளாகப் பிரிந்துள்ளது. மாறாக, யூக்கொன் ஆட்புலம் பிரித்தானிய கொலம்பியாவின் அமைப்புடன் சேர்ந்துள்ளது. வடமேற்கு ஆட்புலங்களும் நுனாவுட்டும் ஒரே அமைப்பின் கீழ் வருகின்றன.

உறுப்பு அமைப்புகளுக்குக் கீழ் வட்டார லீக்குகள் உள்ளன. இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது பெரும் ரொறன்ரோ ஹொக்கி லீக் ஆகும். 1911 இல் ஃபிராங் சிமித் என்னும் பதின்ம வயது இளைஞர் ரொறன்ரோவின் பீச்சஸ் பகுதிச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய சிறிய லீக்கே, பல பெயர் மாற்றங்களுக்குப் பின் இவ்வாறு வளர்ந்தது.

உள்ளூர்ச் சங்கம்

ஒரு பிள்ளை முதலில் பதிவு செய்யப்படுவது உள்ளூர்ச் சங்கத்தில் ஆகும். தலைவர், பதிவாளர், நேர ஒதுக்கீட்டாளர், பயிற்றுநர் ஆகியோரில் பெரும்பாலானோர் ஊதியமின்றிப் பணிபுரிபவர்கள். பயிற்றுநர் பெரும்பாலும் அணியில் உள்ள ஒரு பிள்ளையின் தந்தை அல்லது தாயாக இருப்பார். அவர் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். உரிய பயிற்சி வகுப்புகளையும் முடித்திருக்க வேண்டும்.

சங்கத்தின் பெருஞ்செலவு பனித்தள வாடகை ஆகும். தளங்கள் பெரும்பாலும் நகராட்சிகளுக்குச் சொந்தமானவை. தளங்கள் குறைவு, கேட்போர் அதிகம் என்பதால் சிறுவர்களின் பயிற்சி விடியற்காலையில் நடப்பது வழக்கமாகிவிட்டது.

சங்கத்தினுள் இரு வகை ஆட்டம் உண்டு. உள்லீக்கில் பதிவு செய்யும் எவரும் ஆடலாம். அணிகள் சமவலுவாகப் பிரிக்கப்படும். தெரிவு அணிகளுக்குத் தேர்வு நடத்தப்படும். இவை பிற ஊர் அணிகளுடன் மோதும். தெரிவு அணிகள் 'ஏஏஏ', 'ஏஏ', 'ஏ', 'பி' எனத் தரம் பிரிக்கப்படுகின்றன. தரம் உயர உயரப் பயணமும் கட்டணமும் கூடும். சறுக்குக் காலணி, தலைக்கவசம், காப்புகள் ஆகியவற்றைப் பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியிருப்பதால், குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு உயர்தர அணி எட்டாக்கனியாகவே உள்ளது.

வயதுப் பிரிவுகள்

நீண்ட காலமாக நொவிஸ், அட்டம், பீவீ, பான்டம், மிட்ஜெட் என்னும் பெயர்கள் வழங்கி வந்தன. 'மிட்ஜெட்' என்னும் சொல் குள்ள உருவம் உடையோரை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தது. 2020-21 பருவம் முதல் எல்லாப் பிரிவுகளுக்கும் எண்கள் இடப்பட்டன. தற்போது 7, 9, 11, 13, 15, 18 ஆகிய வயதுகளுக்குட்பட்டோர் பிரிவுகள் முதன்மையானவை. மிகச் சிறியோர் முழுத் தளத்தில் ஆடுவதில்லை. சுமார் 200 அடி நீளமுள்ள தளத்தைத் தடுத்து, அதன் ஒரு பகுதியில் ஆட விடுகின்றனர். இதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வட்டைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது.

வயது நாட்காட்டி ஆண்டின்படி கணிக்கப்படுகிறது. எனவே சனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு திசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதினராகக் கொள்ளப்படுவர். எட்டு, ஒன்பது வயதில் பதினொரு மாத வேறுபாடு உடல் வளர்ச்சியில் மிகப் பெரியது. முன்பிறந்த பிள்ளை திறமைசாலியாகத் தோன்றித் தெரிவு அணிக்குள் நுழைகிறது. அங்கே நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைப்பதால் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறது. உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985 இல் இதனை எடுத்துக்காட்டினர். உயர்நிலை வீரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுந்திருந்தனர். மால்கம் கிளாட்வெல்லின் 2008 ஆம் ஆண்டு நூல் ஒன்றின் வழியாக இது பரவலாக அறியப்பட்டது. எனினும் சனவரி 1 என்னும் எல்லைக்கோடு மாறவில்லை.

வசிப்பிட விதி

சிறு நகரங்களின் அணிகளைப் பெரிய நகரங்கள் கவர்ந்து கொள்ளாதிருக்க, வீரர் தாம் வாழும் பகுதியின் சங்கத்திலேயே ஆட வேண்டும் என்னும் விதி பல இடங்களில் உண்டு. இதனால் பாதிக்கப்பட்டோருள் வெயின் கிரெட்ஸ்கியும் ஒருவர். பிரான்ட்ஃபோர்ட் நகரில் 1971-72 பருவத்தில், பத்து வயதில் 378 கோல்கள் அடித்த அவர், பிற பெற்றோரின் பொறாமையும் கூச்சலும் தாங்காமல் 1975 இல் ரொறன்ரோவுக்குச் சென்றார். சம வயதினருடன் ஆட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. குடும்பத்தினர் தொடுத்த வழக்கும் தோற்றது. ஆகவே 14 வயதில், தம்மைவிடப் பல ஆண்டுகள் மூத்தோர் ஆடிய ஜூனியர் லீக்கில் அவர் ஆட நேர்ந்தது.

உடல்மோதல்

வட்டை வைத்திருக்கும் எதிரணி வீரரை உடலால் இடித்துத் தடுத்தல் உடல்மோதல் எனப்படும். இதனை எந்த வயதில் அனுமதிப்பது என்பது இவ்வமைப்பின் நெடுங்கால வாதம் ஆகும். சிறு வயதிலேயே கற்றால் பின்னர் காயம் குறையும் என்பது ஒரு சாரார் வாதம். 11, 12 வயதினருக்கு அல்பேர்ட்டாவில் உடல்மோதல் அனுமதிக்கப்பட்டும் கியூபெக்கில் தடுக்கப்பட்டும் இருந்தமை ஆய்வாளர்களுக்கு இயல்பான ஒப்பீடாக அமைந்தது. 2010 இல் வெளியான ஆய்வு, அல்பேர்ட்டாவில் காயமுறும் வாய்ப்பு மும்மடங்குக்கும் மேல் என்று காட்டியது. 2013 இல் ஹொக்கி கனடா இவ்வயதுப் பிரிவில் உடல்மோதலை நாடு முழுவதும் தடை செய்தது.

சிறுமியர்

1955-56 பருவத்தில் ரொறன்ரோவில் அபி ஹொஃப்மன் என்னும் சிறுமி 'அப்' என்ற பெயரில் சிறுவர் அணியில் ஆடினார். சிறப்பு அணிக்குத் தெரிவாகிப் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டபோதே உண்மை வெளிப்பட்டது. இவர் பின்னாளில் நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடிய வீராங்கனை ஆவார்.

சட்ட உரிமை 1980களில் தான் கிடைத்தது. சிறுவர் அணி ஒன்றுக்குத் தெரிவாகியும் ஆட அனுமதி மறுக்கப்பட்ட ஜஸ்டின் பிளெய்னி வழக்குத் தொடுத்தார். விளையாட்டில் பால் வேறுபாட்டை அனுமதித்த ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப் பிரிவு செல்லாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986 இல் தீர்ப்பளித்தது. சிறந்த ஆட்டக்காரிகள் சிறுவர் அணிகளுக்குச் சென்றால் பெண்கள் லீக்குகள் நலிவுறும் என அஞ்சி, ஒன்ராறியோ பெண்கள் ஹொக்கி சங்கமே அவ்வழக்கில் அவரை எதிர்த்தது. இன்று சிறுமியர் இரு வழிகளிலும் ஆடுகின்றனர். 18 வயதுக்குட்பட்ட பெண் கழகங்களுக்கான தேசியப் போட்டி 2009 முதல் நடைபெறுகிறது.

பதிவுக் கட்டணமும் 2022 நெருக்கடியும்

ஒவ்வொரு பிள்ளையின் கட்டணத்திலும் ஒரு சிறு பகுதி ஹொக்கி கனடாவைச் சேர்கிறது. 2018 இல் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட பாலியல் வன்முறை தொடர்பான வழக்கு ஒன்றை அது சமரசமாக முடித்துக்கொண்டமை 2022 மே மாதத்தில் வெளிவந்தது. யூனில் நடுவண் அரசு நிதியை நிறுத்தியது. சிறாரின் பதிவுக் கட்டணமும் சேர்ந்த நிதியம் ஒன்றிலிருந்து, 1989 முதல் ஒன்பது பாலியல் முறைப்பாடுகளுக்கு 76 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதும் தெரியவந்தது. தாம் கட்டிய பணம் இதற்கும் சென்றது பெற்றோர் அறியாதது. அக்டோபரில் கியூபெக் அமைப்பு, வீரர் ஒருவருக்கு 3 டொலர் வீதம் செலுத்திய தொகையை நிறுத்தியது. அதே மாதத்தில் தலைமை நிர்வாகியும் முழு இயக்குநர் குழுவும் விலகினர். 2023 ஏப்ரலில் அரச நிதி மீண்டது. 2018 நிகழ்வு தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து வீரர்களையும் நீதிமன்றம் 2025 யூலையில் விடுதலை செய்தது.

மேல்நிலைக்குச் செல்லல்

சிறார் ஹொக்கியின் உச்சப் போட்டிகளுள் ஒன்று, 18 வயதுக்குட்பட்டோர் கழகங்களுக்கான டெலஸ் கிண்ணம் ஆகும். கியூபெக் நகரில் 1960 முதல் நடைபெறும் பன்னாட்டுப் பீவீ போட்டியும் புகழ் பெற்றது. சிறந்த வீரர்களைக் கனடிய ஹொக்கி லீக்கின் மூன்று ஜூனியர் லீக்குகள் 15 வயதளவில் தெரிவு செய்கின்றன. அங்கே ஆடியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடும் தகுதியை நெடுங்காலம் இழந்து வந்தனர். 2024 நவம்பரில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 2025-26 பருவம் முதல் இத்தடை நீங்கியது.