பிள்ளைச்சாவடிக் கடற்கரை

பிள்ளைச்சாவடி, புதுச்சேரிப் பிரதேசத்தின் காலாப்பட்டுப் பகுதியைச் சேர்ந்த மீனவர் கிராமம். புதுச்சேரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்தது. தெற்கே அடுத்துள்ள பொம்மையார்பாளையம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது; ஆகவே ஒரே கரை இரண்டு ஆட்சிகளுக்கு உட்பட்டிருக்கிறது. ஊர்ப்பெயரிலுள்ள ‘சாவடி’ வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிப்பது. முதலியார்சாவடி என்னும் அண்டை ஊர்ப்பெயரும் அவ்வகையினதே.

மனிதர் நுகர்ச்சிக்கு எவ்வளவு நிலமும் நீரும் வேண்டியிருக்கின்றன என்பதை மதிப்பிடும் ‘சூழலியல் அடிச்சுவடு’ என்னும் கணக்கை 1990களில் வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்னாகல் ஆகிய இருவரும் வகுத்தனர். விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு ஆகியவை அதில் அடங்கும். கடற்கரை மணலுக்கு அதில் இடமில்லை. பிள்ளைச்சாவடியின் பிரதான இயற்கைச் செல்வமோ மணலே.

இக்கரையின் பூர்வ சரித்திரம் நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் தொடங்குகிறது. அங்குள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய வாணிபத் தொடர்புக்குச் சான்றான மட்கலங்கள் கிடைத்தன. கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் ‘பொதுகே’ இதுவே எனக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிலைபெற்றபோதும் கப்பல்கள் கரைக்கு வரவில்லை. அவை கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த பலகைகளாலான சலங்குகள் சரக்கையும் பிரயாணிகளையும் அலைதாண்டிக் கொண்டு சேர்த்தன. 1866இல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு கடற்பாலம் எழுந்தது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அது அழியும் வரையில், தூண்களின் இடைவெளி வழியே அலையும் மணலும் தடையின்றிச் சென்றன. சலங்கோட்டிகளும் பாலம் கட்டியோரும் தம் துறையைக் கடலின் போக்குக்கு இசைய அமைத்துக்கொண்டனர் என்பதே அவர்களுடைய பெருமை.

சோழமண்டலக் கரையில் மணல் நிலையாக நிற்பதன்று. தென்மேற்குப் பருவத்து அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவம் ஒரு பகுதியைத் தெற்கே திருப்புகிறது. வரவுசெலவு பார்த்தால் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் நீட்டப்பெற்ற கல் அணைகள் இப்பயணத்தைத் தடுத்தன. தெற்கே மணல் குவிய, வடக்கே நகரக் கடற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டப்பட்டதும், அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கோட்டக்குப்பம் என ஊர் ஊராக வடக்கே நகர்ந்தது. எவ்வூரில் கல்லோ, கடலுக்குள் நீளும் கல் தடுப்பாகிய தூண்டில் வளைவோ அமைந்ததோ, அதற்கு வடக்கேயுள்ள ஊர் அடுத்தபடியாகத் தேய்ந்தது. பிள்ளைச்சாவடி இவ்வரிசையில் வந்து நிற்பது. ஒருவர் துறையின் விலையை வேறொருவர் வாசலில் வசூலிக்கும் இம்முறை அநியாயமானது.

மணற்பரப்பு மீனவனுக்கு வெறும் காட்சியன்று. கரைவலையின் இரு கயிறுகளையும் பற்றி ஆட்கள் குதிகாலை மணலில் புதைத்துப் பின்னோக்கி அடிமேல் அடி வைத்து இழுக்க வேண்டும். அதற்குப் பின்னால் இடம் வேண்டும். பைபர் படகை மேட்டில் ஏற்றவும், வலையை விரித்துக் கண்ணிகளைச் சரிபார்க்கவும், பெண்கள் கருவாடு உலர்த்தவும் அதே மணல்தான். மணற்படுகையில் தேங்கும் மழைநீர் மேலோட்டமான கிணறுகளுக்கு நன்னீர் தந்து, உவர்நீர் உட்புகாதபடி தாங்கியும் நிற்கிறது. கரை தேய்ந்த ஊரில் வீட்டின் பின்சுவருக்கடியில் அலை மண்ணைப் பறிக்க, அடித்தளத்துச் செங்கல் அந்தரத்தில் நிற்கும். அவ்வீட்டார் முதலில் கழற்றுவது கதவு நிலைகளை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இப்பகுதியில் வீடுகள் இடிந்து விழுந்தன.

முகத்துவாரத்தைத் தூர்வாரி, அம்மணலை வடக்குக் கரைக்கு ஒழுங்காகச் சேர்ப்பதே தக்க பரிகாரம். கரையைக் காக்கக் கொட்டும் கல்லோ உள்நாட்டுக் குன்றுகளை வெட்டி எடுப்பது. அதுவும் ஓர் அடிச்சுவடே. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நகரக் கடற்கரையருகே அமைத்த, நீரில் மூழ்கிய செயற்கைத் திட்டால் அங்கு மணல் ஓரளவு மீண்டது. ஆயினும் பிள்ளைச்சாவடியில் கல் கொட்டுமாறும் தூண்டில் வளைவு அமைக்குமாறும் மக்கள் சாலை மறியல் செய்து கேட்டுவந்துள்ளனர்.