பிகினி

பிகினி என்பது பெண்கள் நீந்தும்போதும் கடற்கரையிலும் அணியும் இரு துண்டு நீச்சலுடை ஆகும். மேல்துண்டு மார்பையும் கீழ்த்துண்டு இடுப்பின் கீழ்ப்பகுதியையும் மறைக்கும். இடையே வயிறு மறைக்கப்படாமல் இருக்கும்.

பெயர்க்காரணம்

இவ்வுடை பசிபிக் பெருங்கடலில் மார்சல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவின் பெயரைத் தாங்கியுள்ளது. 1946 மார்ச்சில் அங்கு வாழ்ந்த 167 பேரை ஐக்கிய அமெரிக்கா இடம்பெயரச் செய்து, சூலை 1 இல் முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. நான்கு நாட்களுக்குப் பின் அறிமுகமான உடைக்கு இப்பெயர் இடப்பட்டது. 1958 வரை அங்கு 23 சோதனைகள் நடைபெற்றன. 1970களில் திரும்பிய சிலரும் கதிரியக்கம் காரணமாக 1978 இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

மார்சலிய மொழியில் இத்தீவின் பெயர் 'பிக்கின்னி' என்பதாகும். 'பி' என்பது 'இரண்டு' எனப் பொருள்படும் முன்னொட்டு என்பது தவறான கருத்தாகும். எனினும் மோனோகினி, டாங்கினி போன்ற பெயர்கள் 'கினி' என்பதைத் தனிச் சொல்லாகக் கொண்டே உருவாயின.

வரலாறு

சிசிலித் தீவிலுள்ள வில்லா ரொமானா தெல் கசாலே மாளிகையின் 4 ஆம் நூற்றாண்டு பதிகல் ஓவியத்தில், இரு துண்டு உடையணிந்த பெண்கள் விளையாடும் காட்சி உள்ளது. அவ்வுடை நீச்சலுக்குரியதன்று, உடற்பயிற்சிக்குரியது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் துணிக்கு ஏற்பட்ட கட்டுப்பாட்டால் அமெரிக்காவில் நீச்சலுடைகள் சுருங்கின. 1946 இல் பிரான்சின் ஜாக் எய்ம் 'அணு' எனப் பொருள்படும் 'ஆத்தோம்' என்ற சிறிய நீச்சலுடையை வெளியிட்டார். அதனினும் சிறியதாக லூயி ரேயார் வடிவமைத்த பிகினி, சூலை 5 இல் பாரிசின் மோலித்தோர் நீச்சல்குளத்தில் அறிமுகமானது. நடனக் கலைஞர் மிசெலின் பெர்னார்தினி அதனை அணிந்தார். எய்மின் உடை தொப்புளை மறைத்தது, ரேயாரின் உடை மறைக்கவில்லை என்பதே இரண்டிற்கும் இடையிலான முக்கிய வேறுபாடாகும்.

தொடக்கத்தில் சில ஐரோப்பிய நாடுகளின் கடற்கரைகளில் பிகினி தடைசெய்யப்பட்டது. 1953 இல் கான் நகரில் பிரிஜித் பார்தோவும், 1962 இல் டாக்டர் நோ திரைப்படத்தில் உர்சுலா ஆண்ட்ரசும் அணிந்ததையடுத்து இது பரவலாயிற்று.

வகைகளும் அடையாளங்களும்

மேல்துண்டின் வடிவம், அது உடலில் நிற்கும் விதம், கீழ்த்துண்டின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு வகைகளை அறியலாம்.

* முக்கோண பிகினி: மேல்துண்டு இரு முக்கோணத் துணிகளால் ஆனது.
* பாண்டோ: தோள்பட்டியின்றி மார்பைச் சுற்றியுள்ள பட்டைத் துணி.
* ஹால்டர்: பட்டிகள் கழுத்தின் பின்புறம் கட்டப்படும்.
* கயிற்றுப் பிகினி: கீழ்த்துண்டின் பக்கங்களில் துணிக்குப் பதிலாகக் கயிறு இருக்கும்.
* உயரிடைப் பிகினி: கீழ்த்துண்டு தொப்புள் வரையோ அதற்கு மேலோ எட்டும்.
* டாங்கினி: மேல்துண்டு கையில்லாச் சட்டைபோல் வயிற்றையும் மறைக்கும்.
* மோனோகினி: 1964 இல் ரூடி கெர்ன்ரைக் வடிவமைத்தபோது மார்பை மறைக்காத உடையாக இருந்தது. தற்போது பக்கங்களில் வெட்டுள்ள ஒரு துண்டு உடையும் இப்பெயர் பெறுகிறது.

2004 இல் ஆத்திரேலியாவில் அகீதா சனெட்டி உருவாக்கிய புர்கினி, பெயரில் ஒத்திருப்பினும் முகம், கைகள், பாதங்கள் தவிர உடல் முழுவதையும் மறைப்பதால் பிகினி வகையன்று.

விளையாட்டில்

கடற்கரைக் கைப்பந்தாட்டத்தில் 2012 முதல் அரைக்காற்சட்டையும் கையுள்ள மேலாடையும் அனுமதிக்கப்பட்டன. கடற்கரை எறிபந்தாட்டத்தில் 2021 இல் பிகினி கீழாடைக்குப் பதில் அரைக்காற்சட்டை அணிந்த நோர்வே மகளிர் அணிக்கு 1,500 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. எதிர்ப்புகளைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே அவ்விதி மாற்றப்பட்டது.