கண்மாய்க் கரையும் மிதிவண்டியும்

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், நண்பர் இருவர் துணைவர, குன்றக்குடி மலையடிவாரத்திலிருந்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் வரை மிதிவண்டியிலேயே சென்று திரும்பினோம். போக வர ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவு. பேருந்தில் போனால் அரைநாளில் முடிந்துவிடும். நமக்கோ விடியலில் புறப்பட்டு விளக்கு வைத்த பின்பே வீடு திரும்ப முடிந்தது. அந்தத் தாமதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மிதிவண்டி என்று எழுதுகிறோமே தவிர, இவ்வூரில் அதை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சைக்கிள்தான். தமிழாசிரியர்களாகிய நாமே வகுப்பறைக்கு வெளியே வந்ததும் சைக்கிள் என்றுதான் சொல்கிறோம்.

மிதிவண்டிப் பயணம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒல்லாந்து நாடு. கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கும் நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளிருக்கும் நீரைக் காற்றாலைகளால் இறைத்து வெளியேற்றி, விளைநிலமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். 1612-ஆம் ஆண்டு நீர்வற்றச் செய்யப்பட்ட பெம்ஸ்டர் நிலப்பரப்பை இன்று யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகப் பேணுகிறது. மேடுபள்ளமற்ற அந்தச் சமவெளியில், கரைகளின்மேல், ஆண்டு முழுதும் மக்கள் ஓய்வாக மிதித்துச் செல்கிறார்கள்.

நம் சீமையும் சமவெளிதான். நம்மிடமும் கரைகள் உண்டு. வேறுபாடு ஒன்றே. அவர்கள் கரை நீரை வெளியே நிறுத்துவது. நம் கரை நீரை உள்ளே நிறுத்துவது. அவர்களுக்கு மிகுதி பகை, நமக்கு வறட்சி பகை. ஆண்டில் சில வாரங்களே பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பிடித்துவைக்க மண்ணை மூன்று பக்கம் அணைத்து, மேட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். அதுவே கண்மாய். பாரியின் பறம்பிலிருந்த சிறுகுளத்தின் வளைந்த கரையை எட்டாம்நாள் பிறைக்கு ஒப்பிட்டார் கபிலர் (புறநானூறு 118). பறம்பு எனக் கருதப்படும் பிரான்மலை இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிறையென்று ஏன் சொன்னார் என்பது கரைமேல் வண்டியோட்டிப் பார்த்தவர்க்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும். கைப்பிடியை ஒரே பக்கமாகச் சற்றே ஒடித்தபடி நெடுந்தூரம் சென்றுகொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் வண்டி கற்பித்தது. இந்நிலம் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றினும் தட்டையானதன்று. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மெல்லச் சரிகிறது. காரில் போகிறவர்க்கு அச்சரிவு தெரியாது. மிதிப்பவர் முழங்காலுக்குத் தெரியும். அச்சரிவை அறிந்தே நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலியாகக் கோத்தனர். மேற்கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியே மறுகால் பாயும். அம்மறுகாலே கீழ்க்கண்மாயின் வரத்துக்கால். எனவே ஒரு கண்மாயின் வரத்து அடைபட்டால் அடுத்த ஊரும் அதற்கடுத்த ஊரும் காயும். தமிழகத்தில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது அரசுக் கணக்கு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்த நீர்நிலை என்பதுபோல் ஒலிக்கும் கணக்கு அது.

இவற்றைப் பராமரித்த கதை நெடியது. கரையை மண்ணிட்டு உயர்த்தும் பணியை ஊரார் தம் உழைப்பால் செய்துவந்த குடிமராமத்து, 1858-ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தில் கட்டாய உழைப்பென்று எழுத்தில் ஏறியது. வழக்கமாக இருந்தது சட்டமான பிறகு வாழ்ந்ததைவிட நலிந்ததே மிகுதி. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை அடுத்துச் சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள் அரசின் பொறுப்புக்கு வந்தன. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரையே மீண்டும் எடுத்துக்கொண்டது. குடிமராமத்தைப் பொற்காலமென்று பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மண் சுமந்தவர் யார், நீர் முதலில் பாய்ந்தது யார் வயலுக்கு என்று அவர்கள் கேட்பதில்லை. இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

குன்றக்குடியின் சண்முகநாதர் கோயிலையும், மலையின் கீழுள்ள குடைவரைகளையும் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை திசைமாறிவிடும். மருது சகோதரர் திருப்பணி செய்த தலம் இது. மருதாபுரி என்னும் ஊருணியும் அவர் பேரால் வழங்குகிறது என்பது மட்டும் போதும். அடுத்த நிறுத்தம் பிள்ளையார்பட்டி. எக்காட்டூர் என்னும் பழம்பெயர் தாங்கிய குடைவரைக் கல்வெட்டைக் கண்டு, வைரவன்பட்டி வழியாகத் திருப்பத்தூர் சேர்ந்தோம். 1801 அக்டோபர் 24-இல் மருதிருவரும் தூக்கிலிடப்பட்ட ஊர். தேநீர் அருந்திவிட்டு மேற்கே திரும்பினோம்.

நிற்க. நாம் மிதித்துச்சென்ற வண்டிக்கும் இம்மண்ணுக்கும் ஓர் உறவுண்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார், பர்மாவில் வட்டித்தொழிலில் தொடங்கி, 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையை நிறுவினர். ஹெர்குலிஸ் வண்டி தமிழ்நாட்டுத் தெருவில் பரவியது அதன் பின்னர். செட்டிநாடென்றால் தேக்குத்தூணும் ஆத்தங்குடிக் கல்லும் காட்டும் சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. தூணைப் பார்த்தவர் சில ஆயிரம். ஹெர்குலிஸ் ஏறியவர் எத்தனை பேர்!

வண்டி வாங்க இயலாதோர்க்கு வாடகைக் கடை இருந்தது. மணிக் கணக்குக்கு வண்டி, பேரேட்டில் பெயர், கால் எட்டாத சிறுவர்க்குக் குரங்குப் பெடல். உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லை மாட்டவேண்டிய காலமும் இருந்தது. விளக்கில்லாமல் போனாலும், இருவர் ஏறிப் போனாலும் காவலர் பிடிப்பார். இவையெல்லாம் நம் தலைமுறை சிரித்தபடி நினைத்துக்கொள்பவை. ஆனால் எல்லாருடைய நினைவும் ஒன்றல்ல என்பதை அன்று பிற்பகலில் அறிந்தோம்.

கண்மாய்க் கரையொன்றில், ஆலமரத்தடியில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு இருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னோம்.

"பெரிய தெரு வழியாவா வந்தீக, அய்யா?"

"ஆமாம் ஐயா."

"ஏறிக்கிட்டேவா?"

கேள்வி நமக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். அவர் இளவயதில் வாடகை வண்டி எடுத்து ஓட்டியவர். அத்தெருமுனை வந்ததும் இறங்கி, உருட்டிக்கொண்டே போய், மறுமுனையில் ஏறிக்கொள்ள வேண்டும். "காசு கொடுத்த ஒரு மணியில கா மணி உருட்டுறதுக்கே போயிரும்" என்று சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

இதைத் தனியொரு கிழவரின் கதையென்று தள்ள இயலாது. சிவகங்கை, பழைய இராமநாதபுரம் மாவட்டத்தினுள் இருந்த காலம் அது (1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று). 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்ததை, 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில் பதிந்துள்ளார். பொன், வெள்ளி அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூச்சூடக்கூடாது, வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது. மீறியோர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. குடைக்கும் செருப்புக்கும் விலக்கு விதித்த மண்ணில், ஏறியமர்ந்தவனை எதிரில் நிற்பவன் தலைக்குச் சமமாக உயர்த்திவிடும் வண்டியை மட்டும் எப்படி விட்டுவைப்பார்கள்? தெருவில் இறங்கி உருட்டு என்பது அப்பட்டியலின் பிற்காலத்து வாரிசு. சென்ற தலைமுறையோடு அது முற்றாக ஒழிந்துவிட்டதென்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை. தீண்டாமை குறித்துத் தமிழ்நாட்டில் பின்னாளில் நடந்த கள ஆய்வுகளும் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளன.

குன்றக்குடிக்கு வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். ஊர்ப்புறப் பெண்கள் நூறாயிரம் பேருக்கு மேல் பழகினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார், 1996-இல் வெளிவந்த அவரது நூலிலும் இது இடம்பெற்றது. கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், விவசாயக் கூலிகள் என எல்லாரும் அதில் இருந்தனர். பெண்களுக்கான வண்டி தட்டுப்பட்டபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். குழந்தையை உட்காரவைக்க அதன் குறுக்குக்கம்பி உதவும் என்பதால் அதையே விரும்பியோரும் உண்டு. கேலி பேசியோர் ஏராளம். கேலிக்குக் காரணம் வண்டியன்று. பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திராமல் அவர்கள் போய்விட்டு வந்ததுதான். தண்ணீர் எடுக்க, விளைபொருளை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று தொடங்கிய பயணம், ஓய்வுநாளில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவரும் இன்பமாகவும் சிலருக்கு விரிந்தது. பயன் கருதாத அந்தச் சுற்றையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வேலைக்குப் போகிறவரைச் சமூகம் எப்படியோ பொறுத்துக்கொள்ளும். சும்மா போகிறவரைத்தான் எங்கே போகிறாயென்று கேட்கும்.

முதியவர் விடைகொடுத்தபின் வேட்டங்குடி சென்றடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்விடம், வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களே அன்றி வேறில்லை. பாசனத்திற்கு வெட்டிய நீர்நிலையின் உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்கள். கிளைதோறும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வக்காவும். கூட்டிலிருக்கும் குஞ்சுகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடிவெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. ஊரார் எடுத்த முடிவு பல தலைமுறையாக நிற்கிறது. ஊர்க்கட்டுப்பாடென்னும் சொல்லுக்கு அன்று பிற்பகலில் ஒரு பொருளும் மாலையில் வேறொரு பொருளும் கண்டோம்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. நண்பர் ஒருவரது வண்டியில் மட்டுமே டைனமோ வேலை செய்தது; அவரை முன்னே விட்டோம். முதியவர் சொன்ன தெருமுனைக்கு வந்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். நாமும் குறைத்தோம். யாரும் இறங்கவில்லை, யாரும் எதுவும் பேசவுமில்லை. திண்ணையிலிருந்த ஒருவர், "எந்த ஊருக்குப் போறீக?" என்று கேட்டார். குன்றக்குடி என்றோம்.