பிளாப்பிக்குள் இருக்கும் தமிழ்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் 1990களில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், பரணில் இன்னும் ஒரு பிளாப்பி டப்பா கிடக்கலாம். தாத்தா சொல்லச் சொல்ல அடித்த குடும்ப வரலாறு, அப்பாவின் கட்டுரைகள் என்று ஏதாவது அதில் இருக்கும். அதை இன்றைய லேப்டாப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும். ஆனால் தடைகள் இரண்டு.

முதல் தடை, பிளாப்பியைப் படிப்பது. மூன்றரை அங்குலப் பிளாப்பி (1.44 எம்.பி.) என்றால் யு.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குலம் என்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் தேட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் தட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே போடாதீர்கள்; டிரைவும் கெட்டுவிடும்.

இரண்டாவது தடைதான் பெரிது. ஃபைல் பத்திரமாக வந்துவிடும். திறந்தால் தமிழ் இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும்.

காரணம் இதுதான். அன்றைய முறையில் எழுத்துகளுக்கு 256 இடங்களே. பல ஃபாண்டுகளில் முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போக, மிச்சத்தில் தமிழை அடைத்தார்கள். யார் எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் நம் பேட்டையின் பெயரிலேயே ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ வந்தது. சென்னையில் டி.டி.பி. கடைக்குக் கடை வேறு ஃபாண்ட்.

இணையத் தமிழர்கள் கலந்து பேசி ‘டிஸ்கி’யை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற தரங்களை அறிவித்தது. கடைசியில் யூனிகோடு வந்தது. 2010இல் அரசும் அதை ஏற்றது.

டிஸ்கியில் ‘அ’வின் எண் 171, யூனிகோடில் 2949. எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. ‘கெ’ எழுத டிஸ்கியில் தட்டச்சு இயந்திரம் போலக் கொம்பு முதலில், ‘க’ பிறகு. யூனிகோடில் ‘க’தான் முதலில். இந்த வரிசையையும் திருப்பித்தர வேண்டும். சென்னையில் உருவான என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் இப்படித்தான் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் கன்வெர்ட்டர் முதலில் கேட்பது, எந்த ஃபாண்டில் அடித்தது என்பதைத்தான். வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நமக்குத்தான் ஞாபகம் இருக்கும். ஆகவே இந்த வாரமே டப்பாவை இறக்குங்கள். ஃபாண்டின் பெயர், என்ன மென்பொருள், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பழைய ஃபாண்ட் ஃபைல் கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். மாற்றும் வேலையைப் பேரன் பேத்திகள் பார்த்துக்கொள்வார்கள்.