கடலடித் தாவரங்களும் ஒளியும்

நிலத்திலே வளரும் பயிர் ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு, நீரிலிருந்தும் கரியமில வாயுவிலிருந்தும் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. கடலடிப் பாறைகளைப் பற்றி வாழும் பாசிகளுக்கும் இதைத் தவிர வேறு வழியில்லை. ஆயின், பல பாகம் ஆழத்தில் அவற்றுக்கு ஒளி எவ்வாறு கிட்டுகிறது? அறிஞர்கள் இதற்கு விடை தேடிய வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது.

வெள்ளொளி பல நிறங்களின் சேர்க்கை. கடல்நீர் அவற்றை ஒருசீராக உள்ளே விடுவதில்லை. சிவப்பொளியின் பெரும்பகுதி முதல் 10 மீட்டருக்குள்ளேயே மறைந்துவிடும். பச்சையும் நீலமுமே ஆழம் செல்வன. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ஒருகாலத்தில் கருதினர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திவந்த சி. வி. ராமன், 1921-இல் கப்பற் பயணத்தின்போது இதைச் சோதித்தார். ஒரு சிறு படிகக் கருவியால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் செறிந்து தோன்றியது. நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று அவர் காட்டினார்.

இனிப் பாசிகளைக் காண்போம். 1844-இல் ஏர்ஸ்டெட் என்னும் டென்மார்க்கு அறிஞர், தம் நாட்டை அடுத்த நீரிணையில், மேலே பச்சைப் பாசியும் இடையே பழுப்புப் பாசியும் ஆழத்தே செம்பாசியும் வளர்வதாக எழுதினார். இவ்வரிசைக்குக் காரணம் கூற முற்பட்டவர், ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் பேராசிரியராயிருந்த எங்கெல்மான். அவருடைய சோதனை மிக எளியது. பிராணவாயுவை நாடிச் செல்லும் பாக்டீரியாக்களைப் பாசியிழையோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அவ்விழைமேல் வீழ்த்தினார். பச்சைப் பாசியில் அவை சிவப்பும் நீலமும் பட்ட இடங்களில் திரண்டன. செம்பாசியிலோ பச்சையொளி பட்ட இடத்தில் மொய்த்தன. ஆழத்தில் எஞ்சும் ஒளியைப் பிடிக்கவே செம்பாசி சிவந்திருக்கிறது என்று 1883-இல் அவர் முடிவு கூறினார்.

இவ்விளக்கத்தின் அழகு பலரையும் கவர்ந்தது. அதில் ஒரு பாதி உண்மையே. செம்பாசியின் சிவப்பு நிறமி பச்சையொளியைப் பிடித்து உணவாக்கத்துக்கு அளிப்பதை 1950-இல் அமெரிக்க அறிஞர் ஹாக்ஸோவும் பிளிங்க்ஸும் அளந்து நிறுவினர். மற்றப் பாதியை 1984-ஆம் ஆண்டு அசைத்தது. பஹாமாத் தீவுகளை அடுத்த கடலில் நீர்மூழ்கி ஊர்தியிற் சென்றோர், 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு ஒட்டி வாழும் செம்பாசியைக் கண்டனர். அங்கே எட்டும் ஒளி, மேற்பரப்பின் ஒளியில் ஏறத்தாழ இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் 100 மீட்டருக்கும் கீழே, பழுப்புப் பாசிகள் மிகுந்த பகுதிக்கும் அடியில், பச்சைப் பாசிகளும் செழித்திருந்தன! தடித்த உடலும் செறிந்த பச்சையமும் இருப்பின் பச்சைப் பாசியும் மங்கிய ஒளியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நிறம் ஓர் உதவி. அதுவே ஆழத்தை வகுப்பதன்று.

பாசி எவ்வளவு ஆழம் வரை வாழலாம் என்பதற்கு எல்லை வகுப்பதில் நீரின் தெளிவுக்குப் பெரும்பங்குண்டு. தெளிந்த கடலில் இருநூறு மீட்டருக்கு அப்பாலும் எட்டும் ஒளி, சேறும் கழிவும் கலந்த கரையோர நீரில் சில மீட்டரிலேயே அவிந்துவிடும். மீனுக்கு உணவும் உறைவிடமும் தருவன இப்பாசிகள். ஆதலின், மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கரையில் நின்று கலங்கிய அலையைக் காணும்போது, அதன் அடியில் ஒரு தோட்டத்துக்கு வெயில் குறைகிறது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.